டீ வடிகட்டி வழக்கு

மார்ச் 3, செவ்வாய்

காலாவதி பார்க்கும் நாள். மே மாதத்தோடு முடியும் மருந்துகளை எடுத்து ஓரமாக வைத்தேன். இருமல் மருந்து மட்டும் பதினேழு புட்டி. இந்த வருடம் யாரும் சரியாக இருமவில்லை. மத்தியானம் முதலாளி வந்தார். அந்தப் புட்டிகளைப் பார்த்தபடியே, ஏப்ரல் கடைசியோடு கடையை மூடப் போவதாகச் சொன்னார். மகனோடு போய் இருக்கப் போகிறாராம். பதினோரு வருடம் நான் நின்ற கவுண்டர். "முன்னாடியே சொல்லணும்னு நெனச்சேம்மா" என்றார். தலையாட்டிவிட்டு மறுபடி எண்ணினேன். பதினாறுதான் வந்தது.

அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இப்போது வேறு கவலை. டீ வடிகட்டியில் ஓட்டை. "டீ குடிக்கிறேனா, தூள மெல்லுறேனான்னு தெரியல" என்கிறாள். நாளைக்கு ஒன்று வாங்கி வர வேண்டும்.

மார்ச் 4, புதன்

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

எழுதிவிடுகிறேன். எழுதினால் சின்னதாகத் தெரியுமோ என்னவோ.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் பெரிய கடைக்குப் போனேன். சோப்பு, பற்பசை, அம்மாவின் முழங்காலுக்குத் தைலம். வடிகட்டிகள் ஒரு கொக்கியில் தொங்கின. ஒன்றை எடுக்கும்போது போன் அடித்தது. மருந்து கம்பெனி ஆள், அடுத்த மாத ஆர்டர் கேட்டார். கடை மூடப் போகிறது என்று முதல்முதலாக என் வாயால் அவரிடம்தான் சொன்னேன். பேசிக்கொண்டே வடிகட்டியைத் தோள்பைக்குள் போட்டுவிட்டேன். வரிசையில் நின்று மற்றதற்கெல்லாம் பணம் கொடுத்தேன். வடிகட்டியை மறந்துவிட்டேன். அவ்வளவுதான். மறதி.

வாசலில் செக்யூரிட்டி அம்மா நிறுத்தினாள். ஐம்பது வயதிருக்கும், சட்டை அவளுக்கு ஒரு அளவு பெரிது. அட்டைப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குக் கூட்டிப் போனார்கள். மேனேஜர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கேமராவில் பதிவானதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பணம் கொடுத்துவிடுகிறேன் என்று பர்ஸைத் திறந்து காட்டினேன். எத்தனை வடிகட்டி வேண்டுமானாலும் வாங்குகிற அளவு அதில் இருந்தது. "இப்ப குடுத்தா செல்லாதுங்க" என்றார். எவ்வளவு சின்னப் பொருளானாலும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்பது அவர்கள் கம்பெனி விதி.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பெயர், வயது, தொழில். பார்மசிஸ்ட் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதற்கப்புறம் வாடி போடி என்று ஒருவர்கூடப் பேசவில்லை. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

அக்காவைக் கூப்பிட்டேன். வேறு யார் இருக்கிறார்கள்? ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் உடுப்போடு அப்படியே வந்தாள். ஜாமீன் தாளில் கையெழுத்துப் போட்டாள். எங்கள் தெருமுனை வந்தபிறகுதான் கேட்டாள். "ஒரு வடிகட்டிக்கா?"

அம்மாவிடம், சரக்குக் கணக்கெடுத்தோம், நேரமாகிவிட்டது என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

வடிகட்டி எங்கே என்று அம்மா மூன்றாவது தடவை கேட்டாள். கிடைக்கவில்லை என்றேன். "ஊர்ல வடிகட்டியே இல்லாமப் போச்சா?" என்று சிரித்தாள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து அதில் வடித்துக் கொடுத்தேன். துணி நழுவி பாதி டீ மேடையில் கொட்டியது.

மார்ச் 11, புதன்

வக்கீலைப் பார்த்தோம். அக்காவின் வார்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவராம். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை அதிர்கிறது.

பொருளின் மதிப்பு முக்கியமில்லை என்றார். காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி. எண்ணம் இல்லை, மறதிதான் என்று காட்டிவிட்டால் விடுதலை. விடுதலையானால் போலீஸ் சான்றிதழில் ஒரு வரிகூட வராது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஒரே நாளில் முடியும், சின்ன அபராதம், ஆனால் தண்டனை பெற்றவள் என்று ஆகிவிடும். அது சான்றிதழில் ஐந்து வருடம் நிற்கும். வழக்கு நடக்கிறவரை 'நிலுவையில்' என்று வரும்.

"மறதிதானேம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப எதுக்கு ஒத்துக்கணும்? நடத்துவோம்."

கடைக்காரர்கள் புகாரைத் திரும்பப் பெற்றால் இன்னும் நல்லது, எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்.

மார்ச் 19, வியாழன்

கடையிலிருந்து பதில் வந்துவிட்டது. மூன்று வரி. முடியாது.

ஏப்ரல் 6, திங்கள்

அக்கா வந்திருந்தாள். அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்துவிட்டுச் சொன்னாள். அவர்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஓர் இடம் காலி. உள்ளே வேலை பார்ப்பவர் யாராவது நற்சான்று கொடுத்தால் முதலில் கூப்பிடுவார்களாம். அவள் கொடுப்பதாகச் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். அடுத்த வருடம் நர்ஸிங் கண்காணிப்பாளர் பதவி அவளுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

விண்ணப்பம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், பதினான்காவது கேள்வி. 'உங்கள்மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவு செய்யப்பட்டுள்ளதா?' ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.

தண்டனை என்று கேட்டிருந்தால் மனசாட்சிப்படி இல்லை என்று போட்டிருப்பேன். பதிவு என்று கேட்கிறார்கள்.

அக்கா போனில் கேட்டாள். "ஃபார்ம்ல வழக்கு பத்தி ஏதாவது கேட்டிருக்கா?"

"தண்டனை பத்தி மட்டும்தான்க்கா."

"அப்ப சரி."

ஏன் அப்படிச் சொன்னேன்? போலீஸ் சான்றிதழ் வர இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். அதற்குள் வழக்கு முடிந்துவிடும். முடிந்தால் ஒரு வரிகூட இருக்காது. அப்போது நான் போட்டது பொய் என்று யாருக்கு—

இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

கடைசி நாள். முதலாளி ஷட்டரை இழுத்துவிட்டு என்னிடமே பூட்டைக் கொடுத்தார். பூட்டினேன். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது அழுதுவிட்டேன். கடைக்காக என்று நினைத்துக்கொண்டார்.

மே 18, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். தரைத்தளம், ஜன்னல் இல்லை, குளிர்சாதனம் எலும்பு வரை போகிறது. அக்கா மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தாள். எல்லோர் எதிரிலும், "எந்தங்கச்சி, பாத்துக்கோங்க" என்றாள்.

ஜூன் 5, வெள்ளி

இன்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது. குழந்தைகள் வார்டிலிருந்து வந்த சீட்டில் புள்ளி ஒரு இடம் தள்ளியிருந்தது. பத்து மடங்கு அளவு. போன் போட்டுக் கேட்டேன். அந்த டாக்டர் இறங்கி வந்து சீட்டைத் திருத்தினார். "நல்லவேள" என்றார். மருந்தகத் தலைவர், தூக்க மாத்திரை அலமாரியின் இரண்டாவது சாவியை அடுத்த மாதத்திலிருந்து என்னிடம் தருவதாகச் சொன்னார்.

வழக்கு இரண்டு வாய்தா தள்ளிப் போய்விட்டது. வக்கீல் கவலைப்பட வேண்டாம் என்கிறார்.

ஜூன் 16, செவ்வாய்

பதினொன்றரை மணிக்குப் பணியாளர் பிரிவில் கூப்பிட்டார்கள். போகும்போதே தெரிந்துவிட்டது.

அந்த அதிகாரி அம்மாள் கத்தவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். போலீஸ் சான்றிதழ் வந்திருந்தது. 'திருட்டு. நிலுவையில்.' பக்கத்தில் என் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கம்.

"வடிகட்டி எங்களுக்குப் பெரிசில்லங்க. இந்தக் கட்டம்தான் பெரிசு" என்றார். "ஆம்னு போட்டிருந்தா கூப்பிட்டுக் கேட்டிருப்போம்."

"கேட்டுட்டு எடுத்திருப்பீங்களா?"

இரண்டு தாளையும் கோப்பில் வைத்தார். "தெரியாது. கேட்டிருப்போம்."

வெள்ளைக் கோட்டையும் அடையாள அட்டையையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். என் டிபன் டப்பா மருந்தகத்தில் இருந்தது. எடுக்கப் போகவில்லை.

ஜூன் 17, புதன்

அக்காவை நேற்று மத்தியானமே கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். தெரிந்தே மறைத்து நற்சான்று கொடுத்தாயா என்று. விளக்கம் கேட்டுத் தாள் கொடுத்திருக்கிறார்கள். தங்கை சொன்னதை நம்பினேன் என்று எழுதிக் கொடுத்தாளாம். வேறு என்ன எழுதுவாள்.

இன்று வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எங்கிட்ட என்ன சொன்ன?"

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"தண்டன பத்தி மட்டும்தான்னு சொன்ன. நான் அந்த ஃபார்ம வாங்கிப் பாத்திருக்கலாம். பாக்கல. தங்கச்சி சொல்றாளேன்னு." அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "வடிகட்டிய கடையிலேர்ந்து எடுத்த. இது எங்கிட்டேர்ந்து எடுத்தது."

போய்விட்டாள். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். வந்ததே தெரியாது.

ஜூன் 20, சனி

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. நான் இல்லாதபோது கோர்ட் ஆள் வந்து சம்மனைக் கொடுத்திருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்திருக்கிறாள். பொருளின் பெயர் அதில் இருந்தது.

திட்டுவாள் என்று நின்றேன். "நான் நச்சரிச்சதாலதான நீ போன" என்றாள். இல்லம்மா, இல்லம்மா என்று எத்தனை தடவை சொன்னேனோ.

சாயங்காலம் டீ போட்டுக் கொடுத்தேன். தொடவில்லை. "இப்பல்லாம் எனக்கு டீயே பிடிக்கல" என்றாள்.

ஜூலை 3, வெள்ளி

இதுவரை ஆறு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று. எல்லாவற்றிலும் 'ஆம்'. 'ஆம் எனில் விவரம்' என்று போட்டு இரண்டு வரிக்கு மேல் இடம் விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன். 'ஒரு சிறு பொருள் தொடர்பாக' என்று எழுதினால் எதையோ மறைப்பது போல் இருக்கிறது. 'டீ வடிகட்டி' என்று எழுதினால் கிண்டல் செய்வது போல் இருக்கிறது.

நான்கு பேர் பதிலே போடவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

ஒரு மருந்துக் கிடங்கில் நேர்முகம். விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே அங்கிருந்த அதிகாரி நன்றாகத்தான் பேசினார், வழக்குக் கேள்வி வரும்வரை. பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "கேமரா இருக்குன்னு தெரியாதா உங்களுக்கு?" அறிவுரை போலத்தான் கேட்டார். திருடியது தப்பு என்றுகூட இல்லை, சரியாகத் திருடத் தெரியவில்லையே என்பது போல.

வெளியே வந்து தப்பான பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை போனேன்.

அத்தான் போன் செய்தார். அக்காவுக்குத் தெரியாமல். கண்காணிப்பாளர் பதவி அவளைவிட நான்கு வருடம் பின்னால் சேர்ந்தவளுக்குப் போய்விட்டதாம். "உன்னாலன்னு யாரும் சொல்லலம்மா" என்றார். யாரும் சொல்ல வேண்டுமா என்ன.

ஜூலை 22, புதன்

வக்கீல் கூப்பிட்டிருந்தார். அடுத்த வியாழக்கிழமை விசாரணை. கடைத் தரப்பில் ஒரே சாட்சி, அந்த செக்யூரிட்டி அம்மா. அவள் போலீசில் கொடுத்த வாக்குமூலத்தின் நகலைப் படித்துக் காட்டினார். 'பையில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.'

"இந்த ஒரு வரிதான் நமக்கு இடைஞ்சல். இத ஒடச்சிட்டா கேஸே இல்ல. கேமரா வடிகட்டி எடுத்த எடத்துலதான் இருக்கு, வாசல்ல கெடையாது. அந்தம்மா கேக்கவே இல்ல, நேரா பையப் புடுங்கிட்டாங்கன்னு நீங்க சொல்லணும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

அவளுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன். ஒப்பந்த வேலை, பொய் வாக்குமூலம் என்று கோர்ட் சொல்லிவிட்டால் அந்த ஏஜென்சி வைத்துக்கொள்ளாது, வேறெங்கும் காவல் வேலையும் கிடைக்காது என்றார். "அது அவங்க பாடு. உங்க லைசென்ஸ நீங்க பாருங்க."

ஜூலை 23, வியாழன்

மார்ச் ஐந்தாம் தேதி இந்த நோட்டில் எழுதியது பொய்.

பையில் போட்டது மறதியில்தான். அதுவரை நிஜம். ஆனால் வரிசையில் நின்றபோது பார்த்தேன். பையின் வாயில் வடிகட்டியின் கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. எடுத்து மேஜையில் வைக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. வைக்கவில்லை. கைப்பிடியை உள்ளே தள்ளினேன். ஏன்? தெரியலயே. பதினோரு வருஷம் ஒரு மாத்திரை கூடாம கொறையாம எண்ணிக் குடுத்தவ நானு. அன்னிக்கு ஏதோ ஒண்ணு, போ, பேசாம போன்னு சொல்லிச்சு. சந்தோஷம் மாதிரிகூட இருந்துச்சு. த்தூ.

அந்த அம்மா பையைப் பிடுங்கவில்லை. கிட்டே வந்து, பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் கேட்டாள். "பையில வேற ஏதாவது இருக்காம்மா? ஞாபகப்படுத்திப் பாருங்க." ஞாபகப்படுத்திப் பாருங்க என்றாள். ஐயோ மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பப் போய்ப் பணம் கட்டியிருக்கலாம். அதற்குத்தான் வழி விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்த்து இல்லை என்றேன்.

வக்கீலிடமும் மறைத்தேன், அக்காவிடமும் மறைத்தேன். நான் மட்டும் படிக்கிற நோட்டிலும் மறைத்தேனே, யாருக்குப் பயந்து?

ஜூலை 30, வியாழன்

காலை பத்தரைக்கெல்லாம் கோர்ட்டில் இருந்தேன். அக்கா வரவில்லை. அம்மா வருகிறேன் என்றாள், முழங்காலோடு அந்தப் படிகளில் ஏற முடியாது.

செக்யூரிட்டி அம்மா எனக்கு முன்பே வந்து வராந்தா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அதே பெரிய சட்டை, மடிப்புக் கலையாமல் தேய்த்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையில் ஒரு துண்டுத்தாளை வைத்து முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதை எழுதி வைத்திருந்தாள் போல. பரீட்சைக்கு வந்தவள் மாதிரி.

வக்கீலிடம் போய், ஒப்புக்கொள்ளப் போகிறேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். ஜெயிக்கிற கேஸ் என்றார். பார்மசி கவுன்சில் லைசென்ஸை நிறுத்தும் என்றார். "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். அக்கா என்னிடம் பேசுவதில்லை என்று அவருக்குத் தெரியாது.

நீதிபதி நிமிராமலேயே கேட்டார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று.

"ஒத்துக்கறேங்கய்யா. அவங்க கேட்டாங்க. நான் இல்லன்னு சொன்னேன். அது பொய்."

அப்போதுதான் நிமிர்ந்தார். அபராதம், கோர்ட் கலையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. ஐந்து மணிவரை பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னும் பின்னும் எத்தனையோ வழக்குகள். சைக்கிள் திருட்டு, வாய்க்கால் தகராறு, ஜீவனாம்சம்.

செக்யூரிட்டி அம்மாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. போகும்போது என் பெஞ்சுப் பக்கம் வந்தாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வரேங்க" என்றாள், எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறவளைப் போல.

ஆகஸ்ட் 19, புதன்

கவுன்சிலிலிருந்து கடிதம். லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு நிறுத்தம். நிரந்தரமாக எடுத்துவிடவில்லை என்பதை வக்கீல் வெற்றி போலச் சொன்னார். அதுவரை பார்மசிஸ்ட் என்று எந்தப் படிவத்திலும் எழுத முடியாது. எதை எழுதுவது?

ஆகஸ்ட் 27, வியாழன்

துணிக்கடை, வேண்டாம். பள்ளிக்கூட அலுவலகம், வேண்டாம். அக்கா தினமும் அம்மாவுக்குப் போன் செய்கிறாள். நான் எடுத்தால், "அம்மாட்ட குடு." அந்த இரண்டு வார்த்தைக்காகவே நான் எடுக்கிறேன்.

செப்டம்பர் 7, திங்கள்

சந்தைக்குப் பின்னால், பஸ் பணிமனையைத் தாண்டி ஒரு நாய் பூனை ஆஸ்பத்திரி. உதவியாளர் தேவை என்று கதவில் ஒட்டியிருந்தது. டாக்டர் அம்மா தனி ஆள், கை நிறைய நகக்கீறல். படிவமெல்லாம் கிடையாது, வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். இரண்டு வரி என்ற கணக்கு இல்லாததால் நடந்தது முழுவதையும் எழுதினேன், ஆஸ்பத்திரி விண்ணப்பத்தில் 'இல்லை' என்று டிக் போட்டது உட்பட. ஒரு பக்கத்துக்கு மேல் வந்துவிட்டது.

நின்றபடியே படித்தார். "மயக்க மருந்து அலமாரிச் சாவி உங்ககிட்ட வராது. சரியா?"

சரி என்றேன்.

"காலைல எட்டுலேர்ந்து ஒரு மணிவரைக்கும். நாய் கடிச்சா அழக் கூடாது."

முன்பு வாங்கியதில் பாதிக்கும் குறைவு. அம்மாவிடம் சொன்னேன். "மிருகங்களுக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அதுங்களுக்கும் வலிக்கத்தான செய்யும்" என்றாள்.

செப்டம்பர் 25, வெள்ளி

நாய் கடித்தது. அழவில்லை.

அக்டோபர் 16, வெள்ளி

இன்று காலை கூட்டம். ஆஸ்பத்திரி பெஞ்சில் நான்காவதாக, மடியில் ஒரு கூடையோடு அக்கா உட்கார்ந்திருந்தாள். நான் வேலை பார்க்கும் இடம் அம்மா சொல்லித் தெரிந்திருக்கும். கூடைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டிப் பூனை, ஒரு கண் சீழ் கட்டி மூடியிருந்தது. அத்தான் போன வாரம் மகளுக்கு வாங்கிக் கொடுத்ததாம். இதையெல்லாம் அவள் என்னிடம் சொல்லவில்லை, டாக்டர் அம்மாவிடம் சொன்னபோது காதில் விழுந்தது.

ரிஜிஸ்டரில் எழுதுவது என் வேலை. வரிசை நகர்ந்து அவள் முறை வந்தது. என்ன செய்வது? எல்லோரிடமும் கேட்பது போல, "பேரு?" என்றேன். தன் முழுப்பெயரையும் சொன்னாள், அப்பாவின் முதலெழுத்தோடு. அது எனக்கும் முதலெழுத்து. விலாசம் கேட்டேன், கதவு எண்ணிலிருந்து சொன்னாள். எழுதினேன். இரண்டு பேரும் ரிஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

டாக்டர் அம்மா சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். புட்டியை எடுத்துச் சீட்டு ஒட்டி, ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு சொட்டு, ஆறு நாள் என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா வாங்கி, டாக்டர் சீட்டையும் என் எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகச் சரிபார்த்தாள். நர்ஸ் எல்லோரும் செய்வதுதான். புட்டியைத் திருப்பிக் காலாவதித் தேதியையும் பார்த்தாள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

கூடையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை போனவள் நின்றாள். திரும்பவில்லை.

"அடுத்த வாரம் காட்டச் சொன்னாங்க. நீ என்னிக்கெல்லாம் இருப்ப?"

"ஞாயித்துக்கெழம தவிர எல்லா நாளும். ஒரு மணி வரைக்கும்."

"சரி" என்றாள்.

அவள் வீட்டுக்கும் இந்த இடத்துக்கும் நடுவே இதே மாதிரி ஆஸ்பத்திரிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவள் தெருவிலேயே.